பிளேட்டும் வீலும்: ஸ்பீட் மாத்தற டிரைவ், புதுசா வர்ற ஃபிட்டர் தம்பிங்களுக்கு

மாங்கா சீசன் வந்தா குடியாத்தம், பரதராமி பக்கத்துல இருந்து ஐடிஐ முடிச்ச பசங்க நிறைய பேரு சித்தூர் பக்கம் மாங்கா கூழ் எடுக்கற பல்ப் கம்பெனிங்களுக்கு ஹெல்பரா போறாங்க. 1911-ல சித்தூர் ஜில்லா தனியா ஆகறதுக்கு முன்னாடி அதுவும் வடாற்காடு தான், இப்பவும் ஷிஃப்ட்ல பாதி தமிழு பாதி தெலுங்கு, மெஷின் முன்னாடி நின்னா எல்லாரும் கத்தறது ஒண்ணே ஒண்ணு தான், "மெல்லகா, மெல்லகா", தெலுங்குல மெதுவான்னு அர்த்தம். இந்த மெல்லகாவ எப்படி கொண்டு வர்றதுன்னு தான் இங்க எழுதறேன், ஏன்னா போன சீசன்ல எங்கிட்ட வந்த ரெண்டு பசங்களுக்கும் இதை மூணு மூணு தடவ சொல்ல வேண்டியதா போச்சு.

எதுக்கு ஸ்பீட் மாத்தணும்? சார்ட்டிங் பெல்ட்ட பாருங்க. பெங்களூரா மாங்கா, அதான் கிளிமூக்கு, தெலுங்குல தோத்தாபுரி, லாரில இருந்து கொட்டி கழுவி பெல்ட்ல வரும், ரெண்டு பக்கமும் அக்காங்க நின்னுகினு அழுகினத பொறுக்குவாங்க. நல்ல லோடா இருந்தா பெல்ட் வேகமா ஓடலாம். மழையில நனஞ்ச லோடு வந்தா பத்துல மூணு அழுகலா இருக்கும், அப்ப அதே வேகத்துல ஓட்டினா அழுகல் உள்ள போயிடும், அதுக்கப்புறம் சூப்பர்வைசர் வந்து அக்காங்கள திட்டுவாரு, தப்பு என்னவோ பெல்ட்டோடது.

இப்ப புது லைன் எல்லாத்துலயும் வி.எஃப்.டி., அதான் மோட்டார் ஸ்பீடயே மாத்தற கரண்ட் பெட்டி, வந்துடுச்சு, குமிழ திருகினா போதும். ஆனா பழைய யூனிட்ல இன்னும் பிளேட்டும் வீலும் ஓடுது, இல்லனா அதையே பெட்டிக்குள்ள அடச்ச வேரியேட்டர் ஓடுது. ரெண்டுத்துக்கும் அடிப்படை ஒண்ணு தான், அதனால கண்ணுக்கு தெரியற பிளேட்-வீல முதல்ல புரிஞ்சுக்கலாம்.

ஒரு வட்டமான இரும்பு பிளேட், சப்பாத்தி கல்லு மாதிரி ஆனா செங்குத்தா நிக்குது, அதோட ஷாஃப்ட் பின்னாடி கியர்பாக்ஸுக்கு போகுது. அது முகத்துல ஒரு சின்ன வீல் ஸ்பிரிங் பலத்துல ஓரத்தால அழுத்திகினு சுத்துது, வீலோட ஷாஃப்ட் பிளேட் முகத்துக்கு குறுக்கால போகுது. லிவர தள்ளினா வீல் அந்த ஷாஃப்ட்ல கீ மேல வழுக்கிகினு இங்கயும் அங்கயும் நகரும். பல்லு கிடையாது, செயின் கிடையாது, வெறும் உரசல் தான். வீல் பிளேட்டோட நடு பக்கம் இருந்தா ஒரு சுத்துக்கு சின்ன வட்டத்த தான் தள்ளணும், அதனால பிளேட் வேகமா சுத்தும். ஓரத்துக்கு நகர்த்தினா பெரிய வட்டம், பிளேட் மெதுவாகும், இழுவ கூடும். அவ்ளோ தான் விஷயம். 1905 வாக்குல அமெரிக்காவுல கார்ட்டர்கார்னு ஒரு கார் இதே மாதிரி கியரே இல்லாம ஓடிச்சு, அதுல பிளேட் ஓட்டும் வீல் ஓடும், வீல நடு தாண்டி அந்த பக்கம் தள்ளினா அதுவே ரிவர்ஸ். 1909-ல அந்த கம்பெனிய ஜெனரல் மோட்டார்ஸ் வாங்குச்சு, 1915-ஓட நின்னு போச்சு.

நான் கத்துக்கின செட்டோட கணக்கு சொல்றேன், ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க. 1 ஹெச்.பி. மோட்டார், 1440 ஆர்.பி.எம். மோட்டார்ல இருந்து வீலுக்கு ஒரு பெல்ட் போட்டு பாதியா குறச்சா வீல் 720. வீல் 150 மில்லி விட்டம், அதாவது நடுவுல இருந்து 75. பிளேட் 400 மில்லி. வீல் பிளேட் நடுவுல இருந்து எத்தன மில்லி தள்ளி நிக்குதோ அதால 720 பெருக்கல் 75-ஐ வகுத்தா பிளேட் ஸ்பீட் வந்துடும். 60 மில்லில நின்னா 900. 120-ல 450. 180-ல 300. அதுக்கப்புறம் 30-க்கு 1 வோர்ம் கியர்பாக்ஸ், டிரம் 10-ல இருந்து 30 ஆர்.பி.எம்., டிரம் 200 மில்லி விட்டம்னா பெல்ட் நிமிஷத்துக்கு 6 மீட்டர்ல இருந்து 19 மீட்டர் வரைக்கும் ஓடும். சார்ட்டிங்குக்கு இது தாராளம்.

இதுல ஒண்ண கவனிச்சீங்களா, 60-ல இருந்து 120-க்கு போகும்போது 450 சுத்து குறஞ்சுது, 120-ல இருந்து 180-க்கு அதே 60 மில்லி தான் நகர்ந்துச்சு ஆனா 150 தான் குறஞ்சுது. அதனால நடு பக்கம் இருக்கும்போது லிவர ஒரு நூல் தள்ளினாலே பெல்ட் எகிறும். புதுசா வர்றவங்க அங்க தான் மாட்டுவாங்க.

இனிமே வேலைய வரிசையா சொல்றேன்.

முதல்ல மெயின் ஸ்விட்ச் ஆஃப் பண்ணி ஃபியூஸ புடுங்கி ஜோபுல போட்டுக்கங்க. போர்டு மாட்டினா போதாதான்னு கேக்காதீங்க, நைட் ஷிஃப்ட்ல போர்டு யாரு படிக்கறாங்க. கையில கட்டின கயிறு, தோள்ல துண்டு, தொங்கற சட்டக் கை எல்லாத்தையும் எடுத்துடுங்க. வீல் பிளேட்ட கடிக்கற இடம் இருக்கே, அது விரல உள்ள இழுக்கற இடம்.

அடுத்தது எது ஓட்டறது எது ஓடறதுன்னு பாருங்க. மெத்துனு இருக்கற பொருள், அதாவது தோலோ ரப்பரோ ஃபைபரோ ஒட்டினது தான் ஓட்டற பக்கம் இருக்கணும், இரும்பு ஓடற பக்கம் இருக்கணும். ஏன்னா லோடு ஜாம் ஆகி பிளேட் நின்னு போனா தோல் வீல் சுத்திகினே இருக்கும், தேய்மானம் வீலோட சுத்து முழுக்க சமமா பரவும். மாத்தி வச்சிருந்தா நின்னு போன தோல் வீலோட ஒரே இடத்த இரும்பு உரசி உரசி அங்க தட்டையா பண்ணிடும், அப்புறம் ஓடும்போது டொக்கு டொக்குனு சத்தம் தான். கார்ட்டர்கார் மாதிரி மாத்தி வச்சதும் உண்டு, அது தப்பில்ல, ரிவர்ஸ் வேணும்னா அப்படி தான் வைக்கணும், ஆனா ஜாம் ஆகற கன்வேயருக்கு நான் வைக்க மாட்டேன்.

மூணாவது பிளேட். டயல் கேஜ் வச்சு கையால சுத்தி பாருங்க, ஓரத்துல முகம் 0.1 மில்லிக்குள்ள தான் ஆடணும். அதுக்கு மேல ஆடினா ஸ்பிரிங் மூச்சு விடற மாதிரி விட்டு விட்டு அழுத்தும், பெல்ட் ஒரே சீரா ஓடாது. முகத்துல விரல ஓட்டி பாருங்க, பள்ளம் தட்டுதா? மாசக்கணக்குல ஒரே ஸ்பீட்ல ஓட்டியிருந்தா வீல் நிக்கற இடத்துல வளையம் மாதிரி தேஞ்சிருக்கும், வீல் அதுலயே போய் உக்காரும், லிவர தள்ளினா ஒரு குதி குதிச்சு தான் வெளிய வரும். அப்படின்னா பிளேட்ட கழட்டி லேத்துல ஒரு முகம் எடுத்துடுங்க. கண்ணாடி மாதிரி பாலிஷ் எல்லாம் வேணாம், சாதாரண ஃபினிஷ் போதும்.

பிளேட்ட வீல் பின்னால தள்ளிகினே இருக்குல்ல, அந்த தள்ளு முழுக்க பிளேட் ஷாஃப்டோட பேரிங் மேல விழும். சாதா பால் பேரிங் மட்டும் போட்டிருந்தா சீக்கிரம் போயிடும். 30 மில்லி ஷாஃப்ட்டுனா 51106 த்ரஸ்ட் பேரிங், இல்லனா 30206 டேப்பர் பேரிங் இருக்கணும். கிரீஸ் அளவா வைங்க, ஆயில் சீல் நல்லதா போடுங்க. அங்க இருந்து ஒரு சொட்டு கிரீஸ் பிளேட் முகத்துக்கு வந்துச்சுன்னா அன்னைக்கு முழுக்க வழுக்கல் தான்.

நாலாவது வீல். இங்க நம்ம ஊருக்கு ஒரு வசதி, பேரணாம்பட்டுல தோல் கிடைக்கும். செருப்பு மேல்பாகத்துக்கு வர்ற மெத்துனு இருக்கற குரோம் தோல் வேணாம், அடிப்பாகத்துக்கு போடற பட்ட பதனிட்ட கெட்டி தோலா கேளுங்க. அத வட்ட வட்டமா வெட்டி, பசை தடவி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, ரெண்டு பக்கமும் 130 மில்லி இரும்பு பில்லை வச்சு நாலு போல்ட்டு போட்டு இறுக்குங்க. ஒரு ராத்திரி முழுக்க அப்படியே கெடக்கட்டும். காலைல லேத்துல கூரான டூல் போட்டு 150-க்கு கடைஞ்சுக்கங்க. தோலோட ஓரம் தான் பிளேட்ட தொடணும், தோலோட முகம் இல்ல. பட்டையா ஒரு தோல வளச்சு சுத்தி ஒட்டினா அது ஒரு வாரத்துல பிச்சுக்கினு வந்துடும், நானே பண்ணி பாத்து திட்டு வாங்கினவன்.

அகலம் எவ்ளோ வைக்கலாம்? அகலமா இருந்தா நல்லா புடிக்கும்னு தோணும், ஆனா இங்க அது பொய். 20 மில்லி அகல வீல் 60-ல நிக்குதுன்னா அதோட உள் ஓரம் 50-ல இருக்கு, வெளி ஓரம் 70-ல இருக்கு. வீலுக்கு ரெண்டு ஓரமும் ஒரே வேகம், பிளேட்டுக்கு அப்படி இல்ல. அதனால நடு மட்டும் தான் சரியா உருளும், ரெண்டு ஓரமும் கிட்டத்தட்ட 17 சதவீதம் தேய்ச்சுகினு தான் போகும். 180-ல நின்னா அதே தேய்ப்பு 6 சதவீதத்துக்குள்ள வந்துடும். சூடு, கருகின வாடை, தோல் தூள் கொட்டறது எல்லாம் இதனால தான். அகலத்துல மூணு மடங்குக்கு உள்ள நடுவ நெருங்காதீங்க. 20 மில்லி வீலுன்னா 60 தான் எல்ல, அங்க ஒரு ஸ்டாப்பர் போல்ட்டு, 180-ல ஒரு ஸ்டாப்பர் போல்ட்டு, ரெண்டுக்கும் செக் நட்டு. ஸ்டாப்பர் இல்லாத லிவர யாராவது நடு வரைக்கும் தள்ளிட்டா பிளேட் எந்த பக்கமும் சுத்த முடியாது, வீல் அங்கயே நின்னு குழி தோண்டும்.

இப்ப அழுத்தம். இதுல தான் முக்காவாசி கோளாறு, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க.

தோலும் இரும்பும் காஞ்சு இருந்தா நாலு கிலோ அழுத்தினா ஒரு கிலோ இழுக்கும்னு கணக்கு வச்சுக்கலாம். நம்ம வீல் ஓரம் செகண்டுக்கு 5.65 மீட்டர் ஓடுது, 1 ஹெச்.பி. 746 வாட்ஸ், வகுத்தா 132 நியூட்டன், கிலோ கணக்குல பதிமூணரை. நாலால பெருக்கினா 54 கிலோ. கொஞ்சம் தாராளமா ஒண்ணரை மடங்கு வச்சா 80 கிலோ. அவ்ளோ தான் ஸ்பிரிங் தரணும்.

இதே பிளேட்-வீல ஒருத்தரு கியர்பாக்ஸுக்கு அப்புறம் வச்சாருன்னு நினைங்க. வீல் 24 ஆர்.பி.எம். தான் சுத்தும், அதே 1 ஹெச்.பி.ய கடத்தணும்னா அழுத்தம் 30 மடங்கு, அதாவது 1600 கிலோவுக்கு மேல. தோலும் தாங்காது, ஷாஃப்ட்டும் தாங்காது. அதனால உரசல் டிரைவ் எப்பவும் வேகமா சுத்தற பக்கம், மோட்டார் பக்கத்துல இருக்கணும், குறைக்கற வேலைய அதுக்கப்புறம் கியர்பாக்ஸ் பாத்துக்கும்.

80 கிலோன்னு எப்படி தெரியும்? கம்பெனில மாங்கா எடை போடற பிளாட்ஃபாரம் தராசு இருக்கும்ல, சின்னது. அத டிரில்லிங் மெஷின் கீழ வச்சு, அது மேல ஸ்பிரிங்க நிக்க வச்சு, மோட்டார ஓட்டாம ஸ்பிண்டில மட்டும் கையால இறக்கி அழுத்துங்க. தராசு 80 காட்டும்போது ஸ்பிரிங் எத்தன மில்லி உயரம் இருக்குன்னு அளந்து எழுதிக்கங்க. மாட்டும்போது நட்ட திருகி அதே உயரத்துக்கு கொண்டு வந்து செக் நட்டு போட்டுடுங்க. பத்து நிமிஷ வேல. இத பண்ணாம "இன்னும் ஒரு திருகு, இன்னும் ஒரு திருகு"ன்னு இறுக்கிகினே போற ஆளுங்க தான் மாசத்துக்கு ஒரு பேரிங் மாத்தறாங்க. வழுக்குச்சுன்னா முதல்ல ஸ்பேனர எடுக்காதீங்க, துணிய எடுங்க, பிளேட்ட தொடைங்க.

மாட்டி முடிச்சாச்சுன்னா மூடிய போட்டு, பெல்ட் காலியா, வீல் 180-ல, அதாவது மெதுவான பக்கம் வச்சு ஓட்டுங்க. அரை மணி நேரம். நிறுத்தி, ஃபியூஸ் எடுத்து, புறங்கையால பேரிங் ஹவுசிங்க தொட்டு பாருங்க. வெதுவெதுன்னு இருக்கலாம், கை வைக்க முடியலன்னா அழுத்தம் ஜாஸ்தி இல்லனா பேரிங் கோணலா உக்காந்திருக்கு. அப்புறம் பிளேட் ஓரத்துல சாக்பீஸால ஒரு கோடு போட்டு டேக்கோமீட்டர்ல ஒவ்வொரு இடத்துலயும் ஸ்பீட் பாத்து லிவர் பக்கத்துல தகரத்துல குறிச்சுக்கங்க. டேக்கோமீட்டர் இல்லனா பெல்ட் மேல ஒரு அடையாளம் வச்சு அது ஒரு முழு சுத்து வர எத்தன செகண்டுன்னு போன்ல பாருங்க, அதுவே போதும். குறி ஒரு பக்கம் நெருக்கமா இன்னொரு பக்கம் அகலமா வரும், பயப்படாதீங்க, ஏன்னு மேல சொல்லிட்டேன்.

லோடு ஏத்தினதுக்கு அப்புறம் அதே இடங்கள்ல திரும்ப பாருங்க. ரெண்டு மூணு சதவீதம் குறஞ்சா அது இந்த டிரைவோட சுபாவம். பத்து சதவீதம் குறஞ்சா வழுக்குதுன்னு அர்த்தம்.

இப்ப லிவர். இத மட்டும் மறக்காதீங்க தம்பிங்களா: வீல் பிளேட்ட தொட்டுகினு நிக்கும்போது லிவர தள்ளாதீங்க. ஒண்ணு ஓட விட்டு நகர்த்துங்க, இல்லனா தூக்கிட்டு நகர்த்துங்க. நிக்கற லாரில ஸ்டியரிங்க திருப்பி பாத்திருக்கீங்களா, பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய லாரி, எவ்ளோ கஷ்டம், டயர் தரையில அரைக்கும். அதே லாரி மெதுவா உருண்டா ரெண்டு விரல்ல திரும்பும். இங்கயும் அதே தான், சுத்தும்போது வீல் தானா வழி விட்டு பக்கவாட்டுல போயிடும்.

நான் வேலைக்கு சேந்த மொத சீசன்ல கரண்ட் போச்சு. லைன் ஃபாஸ்ட்ல ஓடிகினு இருந்துச்சு, அப்படியே நின்னுடுச்சு. கரண்ட் வந்தவுடனே ஃபாஸ்ட்ல எழும்பினா பழம் எல்லாம் உருளுமேன்னு நல்ல எண்ணத்துல நான் போய் லிவர புடிச்சு இழுத்தேன், வரல, பைப் போட்டு இழுத்தேன். வந்துச்சு. கூடவே வீல்ல இருந்து தோலு ஒரு துண்டும் வந்துச்சு. எங்க மேஸ்திரி, காணிப்பாக்கம் பக்கத்து மனுஷன், ஒண்ணும் திட்டல, அந்த தோல் துண்ட எடுத்து என் சட்ட ஜோபுல வச்சுட்டு "இதி உஞ்சுகோ"ன்னாரு, வச்சுக்கடான்னு. ரெண்டு மணி நேரம் லைன் நின்னுச்சு.

அப்ப என்ன பண்ணியிருக்கணும்னா, ஸ்பிரிங்க விடுவிக்கற கை ஒண்ணு இருக்கும், அத போட்டா வீல் பிளேட்ட விட்டு ரெண்டு மூணு மில்லி விலகும், அப்ப வீல தாராளமா தள்ளலாம். 180-க்கு தள்ளி வச்சுட்டு, கரண்ட் வந்ததும் மோட்டார காலியா ஓட விட்டு, மெதுவா கைய விட்டா வீல் பிளேட்ட புடிச்சு லைன் நிதானமா எழும்பும், கிளச்சு மாதிரி. அதே மாதிரி ஷிஃப்ட் முடியும்போது மெதுவான பக்கம் கொண்டு வந்துட்டு தான் நிறுத்தணும், ராத்திரி முழுக்க அழுத்தத்துல வைக்காம விலக்கி வச்சுட்டு போகணும். அழுத்தத்துலயே விட்டா தோல்ல அந்த இடம் பள்ளமாகி காலைல டொக்கு டொக்கு.

பல்ப் கம்பெனிக்குன்னு ஒரு தனி தொல்லை இருக்கு, மாங்கா சாறு. தெறிச்சா முதல்ல ஒட்டும், ஆஹா நல்லா புடிக்குதேன்னு இருக்கும், அப்புறம் தோல்ல ஏறி இறுகி கண்ணாடி மாதிரி ஆயிடும், அப்ப வழுக்கும். சாயந்திரம் கழுவற பசங்க ஹோஸ் எடுத்து எல்லாத்து மேலயும் அடிப்பாங்க, அவங்க கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, டிரைவுக்கு தகர மூடி போடுங்க, மூடிக்கு கீழ பக்கம் தோல் தூள் விழ வழி விடுங்க. பிளேட்ட தின்னர்ல தொடைக்கலாம், மோட்டார் நின்னு ஆறினதுக்கு அப்புறம், பக்கத்துல வெல்டிங் இல்லாதப்ப. தோல் மேல தின்னர் ஊத்தாதீங்க, காஞ்சு வெடிக்கும், பளபளப்பா ஆயிருந்தா உப்புத்தாள்ல லேசா சொரசொரப்பு பண்ணுங்க போதும். சில பேரு குங்கிலியம் பொடி போடுவாங்க. அன்னைக்கு புடிக்கும், மறுநாள் பிளேட் முழுக்க பிசின் கட்டி கட்டியா, வீல் குதிக்கும். நான் போட விடறதில்ல.

வீல் தேஞ்சு 150-ல இருந்து 144 ஆச்சுன்னா ஸ்பீடும் 4 சதவீதம் குறையும், ஸ்பிரிங்கும் 3 மில்லி தளரும், அதனால மாசத்துக்கு ஒரு தடவ ஸ்பிரிங் உயரத்த அளங்க. தோல் இரும்பு பில்லைக்கு மேல 3 மில்லி தான் மிச்சம்னா மாத்திடுங்க, பில்லை போய் பிளேட்ட தொட்டா பிளேட்டும் போச்சு.

பெட்டி வேரியேட்டர் பத்தி சுருக்கமா. உள்ள நடுவுல ஒரு ஜோடி தட்டு, அத சுத்தி கூம்பு ஓரம் வச்ச சின்ன சின்ன தட்டுங்க, வெளிய ஒரு வளையம், வட்ட ஸ்பிரிங் எல்லாத்தையும் இறுக்கி வைக்குது. கை வீல திருகினா வளையம் நெருங்கி சின்ன தட்டுங்கள உள்ள தள்ளும், வெளிய விடும், உருளற வட்டம் மாறும், ஸ்பீட் மாறும். நம்ம பிளேட்-வீல் கதையே தான். இங்க தூக்கி விலக்க வழி கிடையாது, அதனால ஓடும்போது மட்டும் தான் கை வீல திருகணும். எண்ணெய்க்குள்ள ஓடும், ஆனா கியர் ஆயில ஊத்திடாதீங்க, பெட்டி மேல பேர் பலகையில போட்டிருக்கற ஆயில் மட்டும் தான். மாலிப்டினம் கலந்த ஆயில் ஊத்தினா வழவழப்பு ஜாஸ்தியாகி உள்ள தட்டு தட்டோட வழுக்கி தேஞ்சு போகும், வெளிய ஒண்ணும் தெரியாது, ஆயில் பாக்கற கண்ணாடியில கருப்பா தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

வி.எஃப்.டி. போட்டுடலாமேன்னு முதலாளி கேப்பாரு. போடலாம், எனக்கும் சந்தோஷம் தான், ஆனா ரெண்டு விஷயம் சொல்லிடுங்க. வி.எஃப்.டி.ல மெதுவா ஓட்டினா இழுவ ஏறாது, அதே இழுவ தான், பிளேட்-வீல்ல மெதுவாக்கினா இழுவ கூடும். இன்னொண்ணு, மோட்டார் மெதுவா சுத்தினா அதோட ஃபேனும் மெதுவா தான் சுத்தும், ஜூன் மாச சித்தூர் வெயில்ல மணிக்கணக்கா மெதுவா ஓட்டினா மோட்டார் சூடாகும், தனி ஃபேன் வைக்கணும். அந்த பேனல தண்ணி அடிக்கற இடத்துல இருந்து தள்ளி வைக்கணும்.

பழைய செட்டையே ஓட்டறதா முடிவு பண்ணிட்டா ஏப்ரல்லயே ரெண்டு வீல் கடைஞ்சு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி டூல் ரூம்ல வச்சுடுங்க, கவர் மேல விட்டம், ஸ்பிரிங் உயரம் ரெண்டையும் மார்க்கர்ல எழுதி. சீசன் நடுவுல ராத்திரி ரெண்டு மணிக்கு லேத்துக்காரர எழுப்பினா அவரு என்ன சொல்லுவாருன்னு நான் இங்க எழுத முடியாது.